கடப்பா கல் மேடைக்கு அடியில் நாமே செய்யும் கேபினட்: அளவு, வெட்டு, பொருத்தல்

நம் ஊர் வீடுகளில் சமையல் மேடை பெரும்பாலும் வீடு கட்டும்போதே முடிந்துவிடும். செங்குத்தாக நிற்கும் கடப்பா கல், அதன் மேல் படுக்கைவாட்டில் இன்னொரு கல், அதற்கு மேல் கிரானைட். கீழே இரண்டு மூன்று திறப்புகள். பாத்திரமும் அரிசி டப்பாவும் சிலிண்டரும் அதற்குள் போய்விடும். கல்லை உடைக்காமல், அந்தத் திறப்புகளுக்குள் தனித்தனிப் பெட்டிகளாக உட்காரும் கேபினட்களை வீட்டிலேயே செய்யும் முறை இது.

வழக்கமாகச் செய்வது வேறு. கல்லின் முகப்பில் மரச்சட்டம் அடித்து, அதில் ஷட்டர், அதாவது கதவு, மாட்டிவிடுவார்கள். செலவு குறைவுதான். ஆனால் சட்டத்தின் அடி தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவும் சமையலறையில் அந்த அடிப்பகுதிதான் முதலில் உளுத்துப்போகும். திருகு பிடிப்பதற்காகக் கல்லில் அடித்த பிளக்கும் ஷட்டரின் ஆட்டத்தில் மெல்ல மெல்லத் தளரும். டிராயர் வைக்க நினைத்தால் அது ஓடும் சானலைப் பிடிக்க இடமே இருக்காது. பெட்டியாகச் செய்து பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தினால் மரம் தரையையும் சுவரையும் தொடாது, கரையானுக்கு நேர்வழி கிடையாது. குழாய் ஒழுகினால் பெட்டியை வெளியே இழுத்துவிட்டு வேலை பார்க்கலாம்.

இந்த வேலைக்குப் பெரிய கைத்திறன் தேவையில்லை. பெட்டியின் மூலைகள் 90 டிகிரியில் நிற்க வேண்டும், வெட்டிய விளிம்பு எதுவும் திறந்து கிடக்கக் கூடாது. இந்த இரண்டில் பிடிவாதமாக இருந்தால் போதும். மூலை தவறினால் ஷட்டர் மாட்டும் அன்றே தெரிந்துவிடும். விளிம்பு தவறினால் இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகுதான் தெரியும், அப்போது மாற்றுவதைத் தவிர வழி இருக்காது.

அளவு எடுப்பது

முதலில் கல்லுக்கு அடியில் தொங்கும் சிமெண்ட் கட்டிகளைப் பழைய உளியால் தட்டி எடுத்துவிடுங்கள். கிரானைட் பதிக்கும்போது வழிந்த கலவை அங்கே காய்ந்து நிற்கும். ஒரே ஒரு கட்டி போதும், செய்து முடித்த பெட்டி பாதியில் நின்றுவிடும்.

அளவை மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். ஆசாரிகள் இன்ச், நூல் என்று சொல்வார்கள். ஒரு நூல் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மி.மீ. மீதியை அவர்கள் இழைத்துச் சரிசெய்துகொள்வார்கள், அந்தக் கை அவர்களுக்கு உண்டு. ஷட்டரின் கீலான ஹிஞ்ச்சும் சானலும் மில்லிமீட்டர் கணக்கில் வருபவை. அங்கே ஒரு நூல் பிசகினாலே டிராயர் ஓடாது.

ஒவ்வொரு திறப்பிலும் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், அதையே முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு ஆழத்திலும் எடுங்கள். ஆறு எண்கள் வரும், ஆறும் ஒன்றாக இருக்காது. கடப்பா கல்லை நூல் பிடித்து நிறுத்துகிறவர்கள் குறைவு. ஆறில் சிறியது எதுவோ அதிலிருந்து 8 முதல் 10 மி.மீ. கழித்தால் பெட்டியின் வெளி அகலம். சிறிய அளவு 909 என்றால் பெட்டி 900.

உயரத்துக்கும் அதே முறை. ஒன்று மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: சமையலறைத் தரை தண்ணீர் வடியும் பக்கம் சரிந்திருக்கும். திறப்புக்குள் தரை எங்கே உயர்ந்திருக்கிறது, கல்லின் அடி எங்கே தாழ்ந்திருக்கிறது என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் இடையிலுள்ள மிகக் குறைந்த இடைவெளியை எடுங்கள். அது 800 என்று வைத்துக்கொள்வோம். காலுக்கு 100, மேலே பெட்டி நுழைய 10. பெட்டியின் உயரம் 690.

ஆழத்தைக் கல்லின் முன் விளிம்பிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கல் 600 இருந்தால், ஷட்டருக்கு முன்னால் கல் நீட்டிக்கொண்டிருக்க 25. அது இல்லாவிட்டால் மேடையில் சிந்தும் தண்ணீர் நேராக ஷட்டரின் முகத்தில் வழியும். ஷட்டருக்கு 18, முதுகுப் பலகைக்கு 9, சுவர் ஏற்ற இறக்கத்துக்கு 8. மீதி 540. பக்கப் பலகையின் ஆழம் அதுதான். பின்சுவரில் கழிவுக் குழாயோ தண்ணீர்க் குழாயோ ஓடினால் அதன் தடிமனையும் கழியுங்கள்.

பிளைவுட் வாங்கும்போது

சமையலறைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரிலும் பிரியாத) பிளைவுட், அதாவது மரைன் பிளை. ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக பிளைவுட்டுக்கான தரம். அதில் எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை ஓரளவு தாங்குவது) என்று இரண்டு வகை உண்டு. எம்.ஆர். பிளை அலமாரிக்கும் கட்டிலுக்கும் சரி, சமையல் மேடைக்கு அடியில் வேண்டாம். பி.டபிள்யூ.ஆர்.-ஐ மேலே தொங்கும் கேபினட்டுக்குத் தாராளமாகப் போடலாம்.

பலகையில் 710 என்ற எண் மட்டும் அச்சாகியிருந்தால் நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தால் யாருக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

பிறகு விளிம்பைப் பாருங்கள். அடுக்குகளுக்கு இடையில் பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் பீனால் வகைப் பசை. வெளிறிப்போய்த் தெரிந்தால் பெரும்பாலும் யூரியா வகை, அது தண்ணீருக்கு நிற்காது. நிறம் கலந்து ஏமாற்றவும் வழியுண்டு என்பதால், சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து வீட்டில் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஐ.எஸ். 710-க்கான சோதனையே 72 மணி நேரம் கொதிநீரில் போடுவதுதான். போலிப் பலகைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது, அடுக்கடுக்காகப் பிரிய ஆரம்பித்துவிடும்.

பலகையை விரல் கணுவால் பரவலாகத் தட்டிப் பார்ப்பதும் நல்லது. நடுவில் ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். அந்த இடத்தில் ஹிஞ்ச்சின் குழி விழுந்தால் திருகு பிடிக்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் கடைகள் வரிசையாக இருக்கின்றன, நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கலாம்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., மரச்சீவலை அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு இரண்டையும் கீழ்க் கேபினட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விளிம்பில் ஒருமுறை தண்ணீர் ஏறினால் ஊதிவிடும், பிறகு வற்றவே வற்றாது. எச்.டி.எச்.எம்.ஆர். (ஈரம் தாங்கும் அடர்த்தியான மரநார்ப் பலகை) அவற்றைவிடப் பரவாயில்லை, ஷட்டருக்கு ஏற்றது. பி.வி.சி. பிளாஸ்டிக், டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) பலகைகள் தண்ணீருக்கு அசையாது. ஆனால் திருகு பிடிமானம் குறைவு, பாரம் ஏற்றினால் நடுவில் தொய்யும். சிங்க்குக்குக் கீழே தட்டு இல்லாத பெட்டிக்கு அவை மிகப் பொருத்தம்.

ஒரு ஷீட்டில் ஒரு பெட்டி

இருபுறமும் வெள்ளை லேமினேட் (மைக்கா) ஒட்டியே வரும் 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று, 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440-க்கு 1220. 900 அகலம், 690 உயரம், 540 ஆழமுள்ள ஒரு பெட்டியும் அதன் இரண்டு ஷட்டர்களும் இந்த ஒரே ஷீட்டில் வந்துவிடும். துண்டுகள் இவை:

பக்கப் பலகை 690 × 540, இரண்டு.
அடிப்பலகை 864 × 540, ஒன்று.
மேல்பட்டி 864 × 100, இரண்டு.
நடுத்தட்டு 862 × 500, ஒன்று.
ஷட்டர் 687 × 447, இரண்டு.

முதலில் ஷீட்டின் நீள ஓரத்தில் 5 மி.மீ. சீவி எறியச் சொல்லுங்கள். கம்பெனி விளிம்பு நேராக இருக்கும் என்று நம்பக் கூடாது. பிறகு நீளவாக்கில் 540 அகலத்தில் இரண்டு பட்டைகள். பிளேடு தின்பது வெட்டுக்கு 4 மி.மீ. என்று வைத்தாலும் 127 அகலத்தில் ஒரு பட்டை மிஞ்சும், மேல்பட்டிகள் இரண்டும் அதில் வந்துவிடும். முதல் பட்டையில் இரண்டு பக்கப் பலகைகளும் அடிப்பலகையும்: 690, 690, 864. இரண்டாவதில் நடுத்தட்டும் ஷட்டர்களும்: 862, 687, 687. இரண்டு பட்டையிலும் கடைசியில் ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு மிஞ்சும், தூக்கிப் போடாதீர்கள், ஆப்புக்கும் மாதிரி வெட்டுக்கும் அதுதான் உதவும். ஷட்டரின் உயரம் ஷீட்டின் நீளவாக்கில் வருவதைக் கவனியுங்கள். பிளையின் ரேகை செங்குத்தாக நின்றால் ஷட்டர் வளைவது குறையும்.

864 எங்கிருந்து வந்தது என்றால், 900-லிருந்து இரண்டு பக்கப் பலகையின் தடிமன் 36-ஐக் கழித்தது. பலகை உண்மையில் 18 தானா என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 17.4 இருக்கும், லேமினேட்டோடு சேர்ந்து 19.6-கூட இருக்கும். எவ்வளவு வந்தாலும் பக்கப் பலகைகளுக்கு நடுவில் நிற்கும் துண்டுகள் மட்டுமே மாறும்: அடி, மேல்பட்டி, தட்டு. ஷீட் வாங்கி அளந்து பார்க்காமல் வெட்டுப் பட்டியலைக் கடைக்காரர் கையில் கொடுக்கக் கூடாது.

ஷட்டர் கணக்கு: பெட்டி 900. இரு ஓரத்திலும் 1.5, நடுவில் 3, ஆக 6 போக 894, அதில் பாதி 447. உயரத்தில் மேலும் கீழும் 1.5 விட்டு 687. இவை விளிம்புப் பட்டை ஒட்டி முடித்த பிறகு இருக்க வேண்டிய அளவுகள். ஷட்டருக்கு 2 மி.மீ. பட்டை ஒட்டுவதென்றால் வெட்டும் அளவு 683 × 443 என்று எழுத வேண்டும். நிறைய பேர் இதை மறந்துவிட்டு, ஷட்டர்கள் நடுவில் ஒன்றோடொன்று முட்டும்போது ஹிஞ்ச்சைத் திட்டுவார்கள்.

வெட்டுவதை வீட்டில் செய்யவே வேண்டாம். கை மெஷினில் 2440 நீளத்துக்கு நேர்க்கோடு வெட்டுவது கஷ்டம், லேமினேட்டும் பல் பல்லாகப் பெயரும். பேனல் சா, அதாவது பலகை வெட்டும் மேசை மெஷின், உள்ள கடையில் கொடுங்கள். பெரிய பிளேடுக்கு முன்னால் அடியில் கீறிவிடும் சிறு பிளேடு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது இருந்தால் இரு முகத்திலும் விளிம்பு சுத்தமாக வரும்.

ஷட்டருக்கு வேறு நிறம் வேண்டுமானால் தனி ஷீட்டில் செய்ய வேண்டும். வெளிப்பக்கம் 1 மி.மீ. லேமினேட் ஒட்டினால் உள்பக்கமும் லேமினேட்தான் ஒட்ட வேண்டும். உள்பக்கம் பெயிண்ட் மட்டும் அடித்தால் இரண்டு முகமும் ஈரத்தை வேறு வேறு அளவில் இழுக்கும், சில மாதத்தில் ஷட்டர் வில்லாக வளையும். வளைந்த ஷட்டரை ஹிஞ்ச் திருகி நேராக்க முடியாது.

விளிம்பு

இங்கேதான் பொறுமை வேண்டும். லேமினேட் முகத்தில் தண்ணீர் நின்றால் துடைத்துவிடலாம். வெட்டிய விளிம்பில் அடுக்குகளின் வாய் திறந்திருக்கும், தண்ணீர் அதன் வழியாக இழுபட்டு உள்ளே ஏறும். மரைன் பிளையின் பசை தாக்குப்பிடித்தாலும் மரம் மரம்தான். ஈரம் உலராமல் இருந்தால் லேமினேட் விளிம்போரம் தூக்கிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும்.

கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளுக்கு பி.வி.சி. பட்டை: பெட்டிக்கு 0.8 மி.மீ., ஷட்டருக்கு 2 மி.மீ. 18 தடிமன் பலகைக்கு 22 மி.மீ. அகலப் பட்டை. வெட்டித் தரும் கடையிலேயே சூடான பசை மெஷினில் ஒட்டித் தருவார்கள், ஓடும் அடிக் கணக்கில் கூலி. முடிந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒட்டுவதென்றால் ரப்பர் வகைப் பசையை விளிம்பிலும் பட்டையிலும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே தடவையில் வைத்து அழுத்த வேண்டும். பிளையின் விளிம்பு முதல் பூச்சை உறிஞ்சிவிடும், அதற்கு மட்டும் இரண்டு பூச்சு. ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அன்றைக்குப் பிடித்த மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் முனை பிரியும். நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தை அரத்தால் சாய்வாக, பலகையை நோக்கித் தள்ளும் வாக்கில் மட்டும் ராவுங்கள். எதிர்வாக்கில் இழுத்தால் பட்டை பெயரும்.

கண்ணுக்குத் தெரியாத விளிம்புகள்தான் உண்மையில் தண்ணீரைப் பார்ப்பவை. பக்கப் பலகையின் கீழ் விளிம்பு, முதுகுப் பலகையின் நான்கு ஓரம், குழாய்க்காகப் போட்ட ஓட்டையின் உள்சுவர், சிங்க் பெட்டி ஷட்டரில் ஹிஞ்ச் குழி. இவற்றுக்குப் பட்டை ஒட்டாவிட்டாலும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலரோ எபாக்சியோ இரண்டு பூச்சுக் கொடுங்கள். முதல் பூச்சு உள்ளே போய்விடும், இரண்டாவதுதான் அடைக்கும்.

பெட்டியைக் கோப்பது

திருகு: 8 நம்பர், 2 இன்ச், அதாவது 4 × 50, துருப்பிடிக்காத எஃகு. ஜிப்சம் போர்டுக்கு வரும் கறுப்புத் திருகைப் போடாதீர்கள். அது உடையும் தன்மை உள்ளது, இறுக்கும்போதே தலை முறியும், ஈரம் பட்டால் துருவும் பிடிக்கும்.

பக்கப் பலகையில் 4 மி.மீ. ஓட்டை, எதிரே அடிப்பலகையின் விளிம்பில் 3 மி.மீ. ஓட்டை, திருகின் தலை உட்கார மேலே சிறு குழி. 540 ஆழத்துக்கு நான்கு திருகு, இரு கோடியிலும் 50 விட்டு மீதியைச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஓட்டை போடாமல் நேரடியாகத் திருகினால் பிளையின் அடுக்குகள் பிளந்துகொள்ளும். வெளியே எதுவும் தெரியாது, பெட்டியின் உள்தரையில் மட்டும் சின்ன மேடு எழும்பும். அந்த மேடு தெரிந்தால் அந்தத் திருகு எதையும் பிடித்திருக்கவில்லை என்று அர்த்தம். லேமினேட் முகத்தில் வெள்ளைப் பசையும் பிடிக்காது, அதனால் இணைப்பின் பலம் முழுவதும் திருகில்தான்.

மேல்பட்டிகளில் முன்னது படுக்கையாக, பின்னது செங்குத்தாக நிற்க வேண்டும். பின்பட்டி வழியாகத்தான் பெட்டியைச் சுவரோடு பிடிக்கப்போகிறோம். மேலே முழுப் பலகை வேண்டியதில்லை, கல் இருக்கிறது.

இப்போது மூலை. பெட்டியின் முன்பக்கத்தில் வெளிமூலையிலிருந்து எதிர் வெளிமூலைக்கு டேப் வைத்து இரண்டு குறுக்களவும் எடுங்கள். 900-க்கு 690 பெட்டியில் இரண்டும் 1134 காட்ட வேண்டும். ஒன்று 1137, மற்றது 1131 என்றால் பெட்டி சாய்ந்திருக்கிறது. நீளமாக இருக்கும் குறுக்கில் கிளாம்ப் போட்டு மெல்ல இறுக்கி இரண்டையும் சமமாக்குங்கள். 2 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் விட வேண்டாம். அந்த நிலையிலேயே முதுகுப் பலகையை வைத்துத் திருகிவிட வேண்டும்: 9 மி.மீ. பிளை, 898 × 688, 150 மி.மீ.-க்கு ஒரு திருகு. பெட்டியை 90 டிகிரியில் பூட்டி வைப்பது இந்த முதுகுதான். பொருள் விழாமல் மறைக்க வைத்தது என்று நினைத்து 4 மி.மீ. பிளையை நாலு ஆணியில் அடித்துவிட்டால், உள்ளே தள்ளும்போதே பெட்டி கோணிக்கொள்ளும்.

நடுத்தட்டு 862 நீளம் இருப்பதால் குக்கர், மாவு டப்பா வரைதான் தாங்கும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை அதில் ஏற்றாதீர்கள், அடிப்பலகையில் வையுங்கள். பெட்டி 900-ஐத் தாண்டினால் நடுவில் ஒரு செங்குத்துத் தடுப்புப் போட்டுவிடுவது நல்லது.

ஹிஞ்ச்

ஷட்டர் பெட்டியின் பக்கப் பலகையை முழுதாக மூடும் அமைப்புக்கு 0 கிராங்க் ஹிஞ்ச். கிராங்க் என்பது ஹிஞ்ச் கையின் வளைவு. நடுத்தடுப்பில் இரண்டு ஷட்டர் பங்குபோடும் இடத்துக்கு 8 கிராங்க், ஷட்டர் பெட்டிக்குள்ளேயே அடங்குவதற்கு 16 கிராங்க். கடையில் கிராங்க் சொல்லாமல் வாங்கினால் எது கையில் கிடைக்கிறதோ அதைத் தருவார்கள்.

ஹிஞ்ச்சின் கிண்ணம் உட்காரும் குழிக்கு 35 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட், அதாவது தட்டையான அடியுள்ள வட்டக் குழி போடும் டிரில் பிட். குழியின் மையம் ஷட்டர் விளிம்பிலிருந்து 22 மி.மீ., மேல் கீழ் முனைகளிலிருந்து 100 மி.மீ. ஆழம் 12 முதல் 12.5. பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்வதைவிட ஆழத் தடுப்பு வளையம் போட்டுக்கொள்வது நம்பகம். 18 பலகையில் மீதி 5.5 தான் இருக்கும், கொஞ்சம் அழுத்தினாலும் பிட்டின் நடுமுனை ஷட்டர் முகத்தில் கொப்புளமாக எழும்பும். மிஞ்சிய துண்டில் ஒரு குழி போட்டு, ஹிஞ்ச் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரில் கை வைக்க வேண்டும்.

பக்கப் பலகையில் ஹிஞ்ச்சைப் பிடிக்கும் பிளேட்டின் (தகட்டின்) இரண்டு ஓட்டைகளும் முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. கோட்டில், ஒன்றுக்கொன்று 32 மி.மீ. தள்ளி. பிளேட்டின் மையம் பெட்டியின் அடியிலிருந்து 101.5-இல் வர வேண்டும், ஷட்டர் 1.5 தூக்கி நிற்கிறதல்லவா. இந்த ஓட்டைகளைப் பெட்டியைக் கோப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கோத்த பிறகு உள்ளே டிரில் நேராக நுழையாது. 900 உயரம் வரை ஷட்டருக்கு இரண்டு ஹிஞ்ச் போதும்.

டிராயர்

600 அகலப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள் அகலம் 564. ஒன்றுக்குள் ஒன்று நீளும் டெலஸ்கோப்பிக் சானல் ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. கேட்கும், இரண்டுக்கும் சேர்த்து 26 என்று கொள்ளுங்கள். டிராயரின் வெளி அகலம் 538. நான் சொல்வது 537. டிராயர் 1 மி.மீ. பெரிதாகிவிட்டால் சானல் இறுகி ஓடவே ஓடாது, இழைத்துத்தான் ஆக வேண்டும். 1 மி.மீ. சிறிதானால் சானலுக்குப் பின்னால் லேமினேட் துண்டு ஒன்றை வைத்து அடைத்துவிடலாம். பெட்டியின் உள் அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடத்திலும் பாருங்கள். முன்னால் 564 இருந்து பின்னால் 562 ஆனால் டிராயர் பாதி வரை நன்றாகப் போய்க் கடைசியில் இடிக்கும். சானலில் குறை இருப்பதாக நினைத்து அதை மாற்றுவதில் பயனில்லை.

540 ஆழப் பெட்டிக்கு 500 நீளச் சானல். டிராயரின் சுற்றுப்பலகை 12 மி.மீ. பிளை. பக்கங்கள் 500 நீளம், முன்னும் பின்னும் 513. அடிப்பகுதி 9 மி.மீ. பிளை. அடியைக் கீழிருந்து திருகாமல், நான்கு பலகையிலும் 6 மி.மீ. ஆழக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதில் நுழைத்துவிடுங்கள், பேனல் சா கடையிலேயே காடி ஓட்டித் தருவார்கள். அடியின் அளவு 524 × 487. இட்லிப் பானையும் இரும்புச் சட்டியும் வைக்கிற டிராயரில், கீழிருந்து திருகிய அடி ஒருநாள் கழன்று விழும். 12 மி.மீ. பலகையில் சானலைப் பிடிக்க அரை இன்ச் திருகுதான், 16 மி.மீ. போட்டால் முனை உள்ளே எட்டிப் பார்க்கும், பாத்திரம் எடுக்கும் கையைக் கிழிக்கும்.

சானலை முதலில் நீள்வட்ட ஓட்டைகளில் மட்டும் திருகி, ஓட்டிப் பார்த்து, ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகு வட்ட ஓட்டைகளில் பூட்டுங்கள். முகப்புப் பலகைகள் மூன்று டிராயருக்கு 141, 240, 300 உயரம். மேலும் கீழும் 1.5, நடுவில் இரண்டு இடத்தில் 3 விட்டால் மொத்தம் 690. அகலம் 597. முகப்பை இருபக்கப் பசை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, 3 மி.மீ. துண்டுகளை இடையில் செருகி நேராக்கி, டிராயரை மெல்ல இழுத்து உள்ளிருந்து திருகுங்கள்.

சிங்க்கும் சிலிண்டரும்

சிங்க் பெட்டிக்கு முதுகுப் பலகை வேண்டாம். குழாய் மூட்டுகளுக்குக் கை போக வேண்டும். முதுகு இல்லாததால் கோணாமல் இருக்க, பின்னால் மேலும் கீழும் இரண்டு செங்குத்துப் பட்டிகள். குழாய் ஓட்டையைக் குழாயைவிட 10 மி.மீ. பெரிதாகப் போட்டு, உள்சுவரைச் சீல் செய்து, பிறகு சிலிகான் நிரப்புங்கள். கரப்பான் வரும் வழி அதுதான்.

சிலிண்டர் நிற்கும் இடத்தில் பெட்டிக்கு அடிப்பலகை வேண்டாம். தரையில் நேராக நிற்கட்டும், உருட்டி எடுக்கவும் வசதி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே அந்த ஷட்டரின் அடிப்பகுதியில் காற்றுப் போக்கி கட்டாயம், மேலேயும் ஒன்று. கீழே ஸ்கர்ட்டிங், அதாவது கால்களை மறைக்கும் அடிப்பட்டி, போட்டு மூடக் கூடாது. ரெகுலேட்டரின் குமிழ் ஷட்டரைத் திறந்த உடனே கைக்கு எட்ட வேண்டும். எரிவாயுக் குழாய் கல்லைத் துளைத்து மேலே போகும் இடத்தில் விளிம்பு உரசாமல் ரப்பர் வளையம் போடுங்கள். அந்தக் குழாயை, அதாவது சுரக்ஷா ஹோஸை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெட்டி மூடியிருந்தால் அது கண்ணில் படாது, அதனால் ஷட்டரின் உள்பக்கம் தேதியை எழுதி வைத்துவிடுங்கள்.

உள்ளே தள்ளி நிறுத்துவது

கால்களைப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்ட வேண்டும். முன்கால் முன் விளிம்பிலிருந்து 70 மி.மீ. உள்ளே, பின்கால் பின்னாலிருந்து 50. காலின் தட்டு பக்கப் பலகையின் கீழ் விளிம்பையும் சேர்த்துத் தாங்குமாறு வையுங்கள். வெறும் அடிப்பலகையில் மட்டும் மாட்டினால் மொத்தப் பாரமும் நான்கு திருகு இணைப்பில் தொங்கும்.

ஷட்டரும் டிராயரும் இல்லாமல் காலிப் பெட்டியாக, கால்களை முழுக்கத் தாழ்த்திய நிலையில் உள்ளே தள்ளுங்கள். தரையில் படுத்துக் கையை அடியில் விட்டுப் பின்கால்களை முதலில் உயர்த்த வேண்டும், பிறகு முன்கால்கள். ரசமட்டத்தை அகலவாக்கில், ஆழவாக்கில், இரண்டு விதமாகவும் வையுங்கள். கல்லோடு பெட்டி இணையாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். கல் சரிந்திருந்தால் சரிந்திருக்கட்டும், பெட்டி மட்டத்துக்கு நிற்க வேண்டும். சரிந்த பெட்டியில் டிராயர் தானாகத் திறந்துகொள்ளும்.

கடப்பா கல்லில் விளிம்போரம் டிரில் போட வேண்டாம், அடுக்காகப் பெயரும், விரிசலும் விடும். பின்பட்டியிலிருந்து எல் கிளாம்ப் வைத்துப் பின்சுவரில் பிளக் போட்டுப் பிடியுங்கள். டிராயர் பெட்டிக்கு இது கட்டாயம். மூன்று டிராயரையும் நிறைத்து ஒரே நேரத்தில் வெளியே இழுத்தால் பெட்டி முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். பெட்டிக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள 4, 5 மி.மீ. இடைவெளியைப் பெட்டியின் முகத்தோடு சமமாக ஒரு பட்டியால் மூடலாம். அந்தப் பட்டி ஷட்டரின் முகம் வரை நீட்டிக்கொண்டு வந்தால் ஷட்டர் திறக்கும்போது இடிக்கும். சுவரோரப் பெட்டிக்கு 50 மி.மீ. பட்டி விடுங்கள், இல்லாவிட்டால் கைப்பிடி சுவரில் முட்டி ஷட்டர் முழுதாகத் திறக்காது.

ஷட்டர்களை மாட்டிய பிறகு ஹிஞ்ச்சில் முன் திருகு ஷட்டரை இடம் வலமாக நகர்த்தும், பின் திருகு உள்ளே வெளியே, பிளேட்டின் திருகு மேலே கீழே. முதலில் உயரம், அடுத்து இடம் வலம், கடைசியில் முன் பின். இந்த வரிசையில் போனால் திரும்பத் திரும்பத் திருக வேண்டியிருக்காது. பாத்திரமெல்லாம் அடுக்கி இரண்டு வாரம் ஆன பிறகு இன்னொரு முறை பாருங்கள், பாரத்தில் கால்கள் லேசாக இறங்கி நடு இடைவெளி கொஞ்சம் மாறியிருக்கும்.

கடைசியாக ஸ்கர்ட்டிங். பி.வி.சி. அல்லது அலுமினியம் மட்டும், அடியில் ரப்பர் உதட்டோடு. அதைக் காலில் கிளிப்பாக மாட்டுங்கள், சிலிகான் போட்டுத் தரையோடு ஒட்டிவிடாதீர்கள். கழுவும்போது எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும், ஒட்டிவிட்டால் அது வெளியே வர வழியில்லை. மாதம் ஒருமுறை கழற்றி, டார்ச் அடித்து, சிங்க்குக்கு அடியில் தரை ஈரமாக இருக்கிறதா, சுவரோரம் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிடலாம்.